சிவகாசி வெடி: வடிவமும் ஒலியும் மாறி வந்த வரலாறு

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை, விருதுநகர் வட்டாரங்களில் செய்யப்படும் ஒலிப் பட்டாசுகளைப் பொதுவாகச் சிவகாசி வெடி என்பர். இந்தியாவில் விற்கும் பட்டாசில் மிகப் பெரும் பங்கு இவ்வட்டாரத்தில் உருவாவதே. ஊசி வெடி, லட்சுமி வெடி, அணுகுண்டு, சரவெடி, பசுமைப் பட்டாசு என்று பெயர்கள் பல இருந்தாலும் இவற்றின் அடிப்படை ஒன்றுதான்: காகிதக் குழாய், அதனுள் மருந்து, அதற்கு ஒரு திரி. கடந்த நூறாண்டில் இந்த மூன்றும் பலமுறை மாறியுள்ளன. அவற்றுடன் வெடியின் ஒலியும் முதலில் ஏறியது, பிறகு இறங்கியது. அந்த மாற்றங்களையும், அவற்றுக்கான காரணங்களையும், அவற்றின் சுமை யார் மீது விழுந்தது என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

வெடி ஒலிப்பது எப்படி

வெடிமருந்தைத் திறந்த வெளியில் கொட்டிக் கொளுத்தினால் அது புஸ்ஸென்று எரிந்து அடங்கிவிடும். அதே மருந்தை இறுக்கமான கூட்டுக்குள் அடைத்துக் கொளுத்தினால், எரிவதால் உண்டாகும் சூடான வாயு வெளியேற வழியின்றி அழுத்தம் பெருகும். கூடு தாங்கும் எல்லையைக் கடந்ததும் அது கிழியும். அந்த நொடியில் காற்றில் பாயும் அழுத்த அலையே நம் காதில் வெடிச்சத்தமாகக் கேட்கிறது.

ஆகவே ஒலியைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, மருந்து எவ்வளவு விரைவாக எரிகிறது என்பது. மற்றது, கூடு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்பது. குழாயின் அடியில் மண் அடைப்பது, காகிதத்தைப் பல சுற்று உருட்டுவது, மேலே சணல் சுற்றுவது ஆகியவை கூட்டை வலுவாக்கும் வழிகள். அடைப்பு தளர்ந்தாலும் மருந்து நமத்துப் போனாலும் வெடி சத்தமின்றிப் புகைந்து போவதற்குக் காரணம் இதுவே.

மருந்திலும் இரண்டு வகை உண்டு. பழையது கருமருந்து. வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட், கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. அதன் ஒலி கனமாக இருக்கும். பிந்தையது அலுமினியப் பொடி கலந்த மருந்து. 1886இல் அலுமினியத்தை மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் முறை கண்டறியப்பட்ட பிறகு அந்த உலோகம் மலிந்தது. அதன் நுண்பொடி மிக விரைவாகவும் மிகுந்த வெப்பத்துடனும் எரியும். அதனால் சிறிதளவு மருந்தே பெருத்த ஒலியையும் கண்கூசும் ஒளியையும் தந்தது. பிற்கால வெடிகளின் கூர்மையான ஒலிக்கு இந்த வெள்ளிநிறப் பொடியே காரணம்.

சிவகாசிக்கு முன்

வெடியின் தாயகம் சீனம். பச்சை மூங்கிலை நெருப்பில் இட்டால் கணுக்களுக்கு இடையே அடைபட்ட காற்றும் ஈரமும் விரிந்து அது வெடிக்கும். வெடியைக் குறிக்கும் சீனச் சொல்லுக்கே வெடிக்கும் மூங்கில் என்றுதான் பொருள். பிறகு மூங்கிலுக்குள் கருமருந்து வைக்கப்பட்டது. அடுத்து மூங்கிலின் இடத்தைக் காகிதக் குழாய் பிடித்தது.

தென்னாட்டில் வாணவேடிக்கை புதியதன்று. 1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், அங்கு நடந்த விழாவில் வாண வேடிக்கையைக் கண்டதாகக் குறித்துள்ளார். கோயில் விழாக்களில் இரும்புக் குழாயில் கருமருந்து இடித்து அதிர்வேட்டுப் போடும் வழக்கம் இன்றும் உள்ளது. சாமி புறப்பட்டுவிட்டது என்று சுற்றுவட்டாரத்துக்கு அறிவிப்பதே அதன் பயன். பனை மரம் மிகுந்த ஊர்களில் மருந்தைப் பனையோலையில் வைத்து முக்கோணமாக மடித்து ஓலை வெடி செய்தார்கள். கூட்டுக்குக் காகிதமே வேண்டும் என்பதில்லை, கையில் கிடைக்கும் உறுதியான பொருள் போதும் என்பதற்கு ஓலை வெடி நல்ல எடுத்துக்காட்டு.

தீப்பெட்டியிலிருந்து பட்டாசுக்கு

சிவகாசி வட்டாரம் மழை குறைந்த கரிசல் பூமி. விவசாயத்தை மட்டும் நம்பி வாழ முடியாத நிலையில் மக்கள் வேறு தொழில் தேடினர். 1922இல் ப. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றனர். 1923இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். விவசாயத்தைக் கெடுத்த அதே வறண்ட வானிலை தீக்குச்சி உலர்வதற்கு உகந்ததாக அமைந்தது.

தீக்குச்சி செய்யத் தெரிந்தவருக்குப் பட்டாசு தொலைவில் இல்லை. இரண்டுக்கும் வேண்டியவை இரசாயனக் கலவை, காகிதம், பசை, வெயில், பொறுமையான கைகள் ஆகியவை. நிறம் காட்டி எரியும் தீக்குச்சியிலிருந்து கம்பி மத்தாப்புக்கும், அதிலிருந்து வெடிக்கும் தொழில் நகர்ந்தது. அதுவரை இந்தியச் சந்தையில் வெளிநாட்டு வெடிகளுக்கே செல்வாக்கு. இரண்டாம் உலகப் போரினால் அவற்றின் வரத்து தடைப்பட்டது. 1940இல் வந்த வெடிபொருள் விதிகள் உரிமம் பெற்ற ஆலைகளுக்கு வழி வகுத்தன. 1940களில் ஸ்டாண்டர்டு உள்ளிட்ட ஆலைகள் தோன்றி வளர்ந்தன.

சிவகாசியின் மூன்றாவது தொழிலான அச்சுத் தொழில் தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வேண்டிய சீட்டுகளை அச்சிட்டே பெருகியது. வெடியின் வெளித்தோற்றத்துக்கு அச்சகமே பொறுப்பு. ஒரே மாதிரியான காகிதக் குழாய்களை வாங்குபவர் பிரித்தறிந்தது மேலே ஒட்டிய படத்தைப் பார்த்துத்தான்.

சீனி வெடி முதல் அணுகுண்டு வரை

தொடக்க கால வெடிகள் சீன வெடியைப் பார்த்துச் செய்யப்பட்டவை. சிவப்புக் காகிதம் சுற்றிய விரற்கடை அளவுக் குழாய்கள் அவை. சீன வெடி என்பதே மக்கள் வாயில் சீனி வெடி என்று மருவியதாகக் கொள்ளலாம். ஊசி வெடி, பிஜிலி வெடி, குருவி வெடி ஆகியவை இதே குடும்பத்தின் உறுப்பினர்கள். ஒலி சிறியது. சிறுவர்கள் சரத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக ஊதுபத்தியால் கொளுத்தி, ஒரு பாக்கெட்டை நாள் முழுவதும் வைத்துக்கொள்வார்கள்.

அடுத்த கட்டம் லட்சுமி வெடி. குழாய் நீண்டு பருத்தது. மேலே லட்சுமி படம் ஒட்டப்பட்டது. படம் நல்ல விற்பனையைத் தந்தாலும், தெய்வத்தின் படத்தைக் கொளுத்திச் சிதறவிடுவது முறையா என்ற எதிர்ப்பும் பின்னாளில் எழுந்தது. ஒலியைப் பொறுத்தவரை இது பெரியவர்களின் வெடி. ஒன்று வெடித்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

மூன்றாம் கட்டத்தில்தான் வடிவம் அடியோடு மாறியது. அணுகுண்டு என்ற வெடி நீளமான குழாய் அன்று. மருந்து வைத்த சிறு கூட்டைச் சணல் நூலால் பல அடுக்கு இறுக்கிச் சுற்றிப் பசையிட்டு உலர்த்திய உருண்டை. காகிதத்தைவிடச் சணல் அதிக அழுத்தத்தைத் தாங்கும் என்பதால், அது கிழியும்போது ஒலி மிகக் கூர்மையாக எழும். 1945இல் ஹிரோஷிமாவில் பேரழிவைக் குறித்த சொல், தீபாவளிக் கடையில் ஒரு ரகத்தின் பெயராயிற்று. அதன்பின் ஹைட்ரஜன் பாம் என்ற பெயரும் வந்தது. பெயர்களின் போக்கைப் பார்த்தாலே அக்காலத்தில் வாங்குபவர் கேட்டது என்ன என்பது விளங்கும். அவர்கள் கேட்டது சத்தம்.

சரவெடியின் இலக்கணம்

ஒரு வெடியின் ஒலியைக் கூட்டுவது ஒரு வழி. பல வெடிகளைக் கோத்து ஒலியை நீட்டுவது மற்றொரு வழி. சரவெடி இரண்டாவது வழியில் வந்தது. சிறு குழாய்களின் திரிகளை ஒரு மூலத்திரியில் வரிசையாகப் பின்னினால், நெருப்பு திரியில் ஓட ஓட வெடிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கும். நூறு வாலா, ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலா என்று எண்ணிக்கையே அதன் பெயராயிற்று. கல்யாணம், தேர்தல் வெற்றி, தலைவர் வருகை, திரைப்படத்தின் முதல் காட்சி எல்லாவற்றுக்கும் அது வேண்டியதாயிற்று. சரம் பின்னுவது முழுவதும் கைவேலை. சிறிய ஆலைகள் பல இந்த ஒரு ரகத்தை நம்பியே நடந்தன.

ஒலிக்கு எல்லை

வெடியின் ஒலி இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று நாடு முழுவதற்கும் அளவு வகுத்தது 1999 அக்டோபர் மாதம் வெளியான சுற்றுச்சூழல் விதித் திருத்தம். அதன்படி வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல், அல்லது உச்ச அழுத்தம் 145 டெசிபலுக்கு மேல் ஒலிக்கும் வெடியைச் செய்யவும் விற்கவும் வெடிக்கவும் கூடாது. முதல் அளவு, காது ஒலியை உணரும் விதத்துக்கு ஏற்பத் திருத்தப்பட்டது. இரண்டாவது, கணநேரத்தில் எட்டும் உச்சம். அளக்கும் இடத்தில் கெட்டியான கான்கிரீட் தரை இருக்க வேண்டும். 15 மீட்டர் வரை ஒலியை எதிரொலிக்கும் சுவர் எதுவும் இருக்கக் கூடாது.

சரவெடிக்குத் தனிக் கணக்கு. சரத்தில் உள்ள வெடிகளின் எண்ணிக்கைக்கு 10ஐ அடியாகக் கொண்ட மடக்கை கண்டு, அதை 5ஆல் பெருக்கி, 125லிருந்து கழிக்க வேண்டும். 1000இன் மடக்கை 3. எனவே 15 கழிந்து, ஆயிரம் வாலாவில் உள்ள ஒவ்வொரு வெடிக்கும் எல்லை 110 டெசிபல். பத்தாயிரம் வாலாவுக்கு 105. சரம் நீள நீள ஒவ்வொரு வெடியும் மெலிய வேண்டும் என்பதே இதன் பொருள். பத்தாம் வகுப்பைத் தாண்டிய மாணவர் மடக்கைக்கு என்ன பயன் என்று கேட்டால் இதையே காட்டலாம்.

டெசிபல் சாதாரண எண்ணன்று. 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் 10 மடங்காகும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிக்கும் போதெல்லாம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். 4 மீட்டரில் 125 என்றால் 8 மீட்டரில் 119, 16 மீட்டரில் 113.

இந்த எல்லைக்குள் இருந்தால் வெடி பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. 1999இல் உலக சுகாதார அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதலில், திடீர் ஒலியின் உச்சம் காதருகே பெரியவருக்கு 140 டெசிபலையும் குழந்தைக்கு 120 டெசிபலையும் தாண்டக் கூடாது என்று உள்ளது. மேற்கண்ட தொலைவுக் கணக்கின்படி, 4 மீட்டரில் 145 எட்டும் வெடி 140க்கு இறங்க ஏறத்தாழ 7 மீட்டர் வேண்டும். 120க்கு இறங்க ஏறத்தாழ 70 மீட்டர் வேண்டும். இது தோராயக் கணக்குதான். ஆனால் இருபுறமும் வீடுகள் நெருங்கிய தெருவில் சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்புவதால் நிலைமை இதைவிட மோசமாகவே இருக்கும். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வேடிக்கை பார்ப்பவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் ஒலி மாசு பற்றிய வழக்கில் தீர்ப்பளித்தது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிப் பட்டாசு வெடிக்கத் தடை விதிக்கப்பட்டது. பட்டாசுகளை ஒலி தருபவை, ஒளி தருபவை என்று பிரிக்கவும், பெட்டியின் மேல் உள்ளடங்கிய இரசாயனங்களைக் குறிக்கவும் உத்தரவாயிற்று. அதே தீர்ப்பு, வெளிநாட்டு வாங்குநரின் ஆணை இருந்தால் அந்நாட்டு விதிக்கு உட்பட்டு அதிக ஒலியுள்ள வெடியைச் செய்யலாம் என்றது. அதற்கு வேறு நிறத்தில் உறை இருக்க வேண்டும், இந்தியாவில் விற்பனைக்கு அல்ல என்றும் அச்சிட வேண்டும். ஒரே பட்டறையில் ஒரே கைகள் செய்யும் வெடிக்கு, கேட்கப்போகும் காது எந்த நாட்டில் உள்ளது என்பதைப் பொறுத்து ஒலி மாறலாம் என்று ஆயிற்று.

ஒலிக்கு எல்லை வந்தபின் வானில் வண்ணம் காட்டும் பேன்சி ரகங்களுக்கு முக்கியத்துவம் கூடியது. ஒரே பெட்டியிலிருந்து பல முறை மேலெழுந்து விரியும் ஷாட் வகைகள் கடைகளில் பெரிய இடத்தைப் பிடித்தன.

மருந்தில் வந்த மாற்றங்கள்

குளோரேட் உப்பைக் கந்தகத்துடன் கலந்தால் சிறு உராய்வே அதைப் பற்றவைத்துவிடும். இக்கலவைக்கு 1992இல் மத்திய அரசு தடை விதித்தது. இத்தடை முதன்மையாகக் காத்தது வாங்குபவரை அன்று, செய்பவரை.

அடுத்த பெரிய மாற்றம் காற்றை முன்னிட்டு வந்தது. 2015இல் தில்லியில் மூன்று கைக்குழந்தைகளின் சார்பில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கப்பட்டது. அர்ஜுன் கோபால் வழக்கு என்று அறியப்படும் அதில் 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பு, பச்சை நிறத்துக்கும் மத்தாப்புக்கும் பயன்பட்ட பேரியம் உப்புகளைத் தடை செய்தது. சரவெடியையும் தடை செய்தது. மாசு குறைந்த பசுமைப் பட்டாசுக்கு மட்டும் இடமளித்து, தீபாவளியன்று 2 மணி நேரம் மட்டும் வெடிக்கலாம் என்றது. தமிழ்நாட்டில் அந்த நேரம் காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று பிரிக்கப்பட்டது.

பசுமைப் பட்டாசின் செய்முறையை நாக்பூரில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரி தலைமையேற்று உருவாக்கியது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமும் இம்முயற்சியில் பங்கேற்றது. 2019 அக்டோபரில் இவை முறைப்படி அறிமுகமாயின. ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்பன அவற்றின் பெயர்கள். முதல் இரண்டில் பொட்டாசியம் நைட்ரேட்டும் கந்தகமும் தவிர்க்கப்பட்டன. ஸ்வாஸ் வெடிக்கும்போது நீராவியை வெளிவிட்டுத் தூசியை அடக்க முயலும். சஃபலில் அலுமினியம் குறைக்கப்பட்டு மக்னீசியம் இடம்பெற்றது. துகள் மாசு 30 விழுக்காடு வரை குறையும் என்பதும், ஒலி 105 முதல் 110 டெசிபல் அளவில் இருக்கும் என்பதும் நிறுவனம் கூறிய தகவல்கள். வெளித்தோற்றத்தில் பழைய வெடிக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு தெரியாது. பெட்டியில் உள்ள பச்சை முத்திரையும் கியூஆர் குறியீடும்தான் அடையாளம்.

பேரியத்தைக் குறைந்த அளவில் சேர்க்க அனுமதி கேட்டுத் தயாரிப்பாளர்கள் மீண்டும் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். 2023 செப்டம்பரில் அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை.

செய்பவர் கைகள்

மேலே கூறிய ஒவ்வொரு மாற்றமும் முதலில் தொட்டது ஒரு தொழிலாளியின் கையை. குழாய் உருட்டுவதும் சீட்டு ஒட்டுவதும் வீட்டுத் திண்ணையிலும் நடந்த வேலைகள். அவற்றில் குழந்தைகளும் ஈடுபட்டார்கள். வகுப்பறையில் இருக்க வேண்டிய பிள்ளை பசை தடவிக்கொண்டிருந்த காலம் அது. சிவகாசியின் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளைக் குறித்து எழுந்த எம்.சி. மேத்தா வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, ஆபத்தான தொழில்களில் குழந்தை உழைப்புக்கு எதிரான முக்கியமான திருப்பம்.

மருந்து கலப்பதும் குழாயில் செலுத்துவதும் பெரியவர்களின் வேலை. அலுமினியப் பொடி படிந்து முகமும் முடியும் வெள்ளியாக மின்ன அவர்கள் வெளியே வருவதை இவ்வட்டாரத்தில் யாரும் பார்த்திருப்பார்கள். ஓர் அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து, பருத்தி உடை, பொறி பறக்காத கருவி என்று விதிகள் உண்டு. தீபாவளி நெருங்கும்போது, அவசரத்தில் விதி மீறப்படும் இடத்தில் உராய்வு ஒன்றே போதும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்தனர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இங்கே மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒலி குறைந்தால் ஆபத்தும் குறைந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோம். கேட்பவருக்கு அது உண்மை. செய்பவருக்கு அப்படி அன்று. வானில் வண்ணமாக விரியும் பேன்சி ரகத்துக்கு மணி மருந்து என்னும் உருண்டைகளைச் செய்து உலர்த்த வேண்டும். அண்மைக்கால விபத்துச் செய்திகளில் அடிக்கடி காணப்படும் சொல் அதுதான். மக்னீசியமோ ஈரம் பட்டால் எளிதில் வினைபுரியும் உலோகம். புதிய செய்முறை வரும்போதெல்லாம் புதிய பழக்கமும் புதிய பயிற்சியும் வேண்டும். மறுபக்கம், சரவெடி நின்றபோது அதை மட்டுமே பின்னிய சிறு ஆலைகளின் தொழிலாளர்கள் வேலை இழந்தனர்.

எந்தக் காதுக்காக

நூறாண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால், வெடியின் ஒலி ஒவ்வொரு காலத்திலும் ஒரு காதுக்காக அமைந்தது தெரியவரும். கோயில் வேட்டு ஊருக்கு அறிவிக்க ஒலித்தது. அணுகுண்டும் பத்தாயிரம் வாலாவும் வாங்கியவரின் பெருமைக்காக ஒலித்தன. 1999க்குப் பிறகு, வாங்காதவருக்கும் காது உண்டு என்பதைச் சட்டம் ஏற்றது. 2018இல் குழந்தைகளின் மூச்சும் கணக்கில் வந்தது.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி மக்கள், வலசை வரும் பறவைகள் அஞ்சும் என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. எந்தச் சட்டமும் சொல்லாமலே ஓர் ஊர் பறவையின் காதை எண்ணிப் பார்த்தது.

இனி எண்ணிப் பார்க்க வேண்டியவர் செய்பவர். வெடியின் பெட்டியில் இன்று இரசாயனங்களின் பெயர் இருக்கிறது, பச்சை முத்திரை இருக்கிறது. அதைக் கலந்தவர் மாலையில் நலமாக வீடு திரும்பினார் என்பதற்கு அதில் ஓர் அடையாளமும் இல்லை. வெடியின் அடுத்த மாற்றம் அந்த இடத்திலிருந்து தொடங்கினால், அதுவே இந்த நூறாண்டு வரலாற்றில் மிகப் பெரிய மாற்றமாக இருக்கும்.